ரெமியின் இடது முழங்கால்

மொழிபெயர்ப்பாளருக்கு நாக்கு இரண்டு இருக்கலாம். சொந்தக் கருத்து ஒன்றுகூட இருக்கக் கூடாது. என்னைப் போலவே பிறர் சொல்லைச் சுமந்து பிழைக்கும் சக மொழிபெயர்ப்பாளர்களான உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முதல் நாள் அறையில் இருந்தவர்கள் ஐவர்: கூடைப்பந்துப் பயிற்சியாளர் டக், அணி மருத்துவர் ஹானா, பிரான்சிலிருந்து வந்த ஆட்டக்காரர் ரெமி, அவருடைய ஏஜென்ட் பாஸ்கல், நான். புதுச்சேரியில் பிரெஞ்சு கற்பித்து ஓய்வுபெற்று, டெக்சஸின் ஆலன் நகரில் மகள் வீட்டில் இருந்தேன். ஏஜென்டின் வாயை மட்டும் நம்ப மனமில்லாத அணி என்னை அழைத்தது. "என் காதில் விழுவதையெல்லாம் மொழிபெயர்ப்பேன்" என்று இரு மொழிகளிலும் அறிவித்தேன். நால்வரும் தலையசைத்தனர். சோதனை ஆட்டங்களில் தேறினால் ரெமிக்கு ஒப்பந்தம். இல்லையெனில் ஊருக்கு விமானம்.

கைகுலுக்கல்

பிரெஞ்சுக்காரர் காலையில் எவரைக் கண்டாலும் கை கொடுப்பார். ஒருவரை விடுவது அவமதிப்பு. ரெமி பன்னிரண்டு ஆட்டக்காரர்களுக்கும், தரை துடைப்பவருக்கும், எனக்கும் கை கொடுத்து முடிக்கையில் பயிற்சி தொடங்கி ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். மூன்றாம் நாள் டக் விசிலை ஊதிவிட்டுக் கத்தினார்: "இங்கே என்ன தேர்தலா நடக்குது?"

யாருடைய முழங்கால்?

ஹானா ரெமியின் காலைச் சோதித்தார். பாஸ்கல் பிரெஞ்சில் முணுமுணுத்தார். ரெமி தயங்கி அவரிடமே தாழ்ந்த குரலில் பதில் சொன்னார். இரண்டையும் வரிசை மாறாமல் ஆங்கிலத்தில் ஒப்பித்தேன்: "சோதனை ஆட்டம் முடியும்வரை வலியைப் பற்றி வாய் திறக்காதே." "படி இறங்கும்போது என் இடது முழங்கால் குத்துகிறது."

பேசுபவர் 'நான்' என்றால் நாமும் 'நான்' என்றே சொல்ல வேண்டும் என்பது தொழில் விதி. ஹானாவுக்கு அது புதிது. என் புடவைக் கொசுவத்தையே சற்று நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வலி உங்களுக்கா, அவருக்கா?"

மருமகனின் தீர்ப்பு

ஆறு வாரம் ஆடக் கூடாது என்று உத்தரவாயிற்று. மறுநாள் ரெமி எனக்கு மட்டும் கை கொடுக்கவில்லை. காரில் அழைத்துவந்த மருமகன் செந்திலிடம் நடந்ததைச் சொன்னேன்.

"ஒரு வார்த்தையை முழுங்கியிருக்கலாமே, அத்தை! டீம் போச்சுன்னா அவன் விசாவும் போச்சு."

"முழுங்குவதற்கு என்னை வேலைக்கு வைக்கவில்லை."

சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டு அவர் சொன்னார்: "லே-ஆஃப்னு நியூஸ் வர்ற அன்னிக்கு, விசாவை நம்பி இருக்கற எங்க ஆபீஸுக்கு வந்து இதைச் சொல்லிப் பாருங்க!"

மீண்டும் ஐவர்

ஓய்வுக்குப் பின் ரெமி சோதனை ஆட்டங்களில் இறங்கினார், தேறினார். முழங்காலைச் சோதித்த அன்று எடுத்த ஸ்கேனை ஹானா இப்போது எல்லோருக்கும் காட்டினார்: தசைநார் கிழியத் தொடங்கியிருந்தது, அப்போதே ஆடியிருந்தால் ஆட்டவாழ்வு முடிந்திருக்கும். டக் ஒப்பந்தத்தை மேசையில் வைத்தார்.

ரெமி எழுந்து முதலில் எனக்குக் கை கொடுத்தார். பிறகு ஹானாவுக்கு, டக்குக்கு. பாஸ்கல் நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. ரெமி பிரெஞ்சில் சொன்னதை உடனே ஆங்கிலத்தில் தந்தேன்: "இனி எனக்காக நானே பேசிக்கொள்வேன், மொழிபெயர்க்க மதாம் உடன் இருந்தால் போதும்."

பாஸ்கல் பையை எடுத்துக்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் வெளியேறினார். என் பணிக்காலத்தில் எனக்கு வேலை வைக்காமல் போன ஒரே மனிதர் அவர்தான்.