டெம்ப்ளேட்டில் வந்த பச்சைக் குறி

எங்கள் அலுவலகத்தில் எந்தப் புதிய வேலையைத் தொடங்கினாலும் திரையில் முதலில் வருவது ஒரு சிவப்புக் குறி. அது யாரால் வந்தது என்று எனக்குத் தெரியும். என்னால்தான்.

மலேசியாவில், கூலாய் நகரத்தில் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கிறது அலுவலகம். தோட்டங்களை டிரோனில் படம் பிடித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களை எண்ணிச் சொல்வது தொழில். படம் பெரியது. அதைத் துண்டு துண்டாக வெட்டி, கணினிக்குள் இருக்கும் பல மூளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்போம். கோர் என்போம் அவற்றை. எல்லாம் ஒரே நேரத்தில் எண்ணி முடித்ததும் கூட்டிக்கொள்வோம். இந்தப் பங்கீட்டுக்கான நிரலை ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து எழுதிக்கொண்டிருந்தோம். புதிதாக வந்த ஒரு பெண், இன்னும் வேலை நிரந்தரமாகாதவள், அதற்கு ஒரு டெம்ப்ளேட் செய்து வைத்தாள். காப்பியெடுத்தால் போதும். சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு மாதிரிச் சோதனையும் அதிலேயே இருக்கும்; தேறினால் பச்சைக் குறி, தோற்றால் சிவப்பு. அதை அழித்துவிட்டு நம் சோதனையை எழுத வேண்டும்.

"சமைக்கத் தெரிஞ்சவனுக்கு பாக்கெட் மசாலா எதுக்குமா?" என்று அவளைக் கிண்டல் செய்தவன் நான். செடெனாக் பக்கத்துத் தோட்டத்து வேலை வந்தபோது முதல் ஆளாகக் காப்பியெடுத்தவனும் நான்தான். வெட்டுவதும் கூட்டுவதும் என் பங்கு. படத்தில் மரத்தை அடையாளம் காண்பது அவள் பங்கு.

நட்ட மரங்களைவிட அதிகமாக எண்ணிக்கை வந்தது. தோட்டத்து மேனேஜர் பாஸிடம் சத்தம் போட்டார். பாஸ் எங்கள் இருவரையும் கூப்பிட்டபோது நான் என் திரையைத் திருப்பிக் காட்டினேன்.

"என் பக்கம் பாருங்க பாஸ், டெஸ்ட் எல்லாம் பச்சை. மரம் எது, புதர் எதுன்னு தெரியாம எண்ணியிருக்கு. அது அவங்க பார்ட் லா."

அந்த மாதம் அவளுக்கு வர வேண்டிய நிரந்தரக் கடிதத்தை பாஸ் தள்ளிப்போட்டார்.

மறுநாள் மத்தியானம் என் மேசைக்கு வந்தாள். ஒரே கோரில் ஓட்டிக் காட்டினாள். எண்ணிக்கை சரியாக இருந்தது. எல்லாக் கோர்களிலும் ஓட்டினாள், கூடிவிட்டது. வெட்டுக்கோட்டின் மேல் நிற்கும் மரத்தை இரண்டு பக்கத்துக் கோர்களும் தம் மரம் என்று எண்ணியிருந்தன. தப்பு என் பங்கில்தான்.

"அண்ணே, நீங்க எழுதுன டெஸ்ட் எங்க?"

பச்சைக் குறியைக் காட்டினேன்.

"இது நான் டெம்ப்ளேட்ல வச்ச மாதிரி டெஸ்ட்டுண்ணே. ஒன்னுல இருந்து பத்து வரைக்கும் கூட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். மரத்தையே பார்க்காது."

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. அவள் எழுதிய சோதனையைக் காட்டித்தான் அவள் மேலேயே பழியைப் போட்டிருக்கிறேன்.

"பாஸ்கிட்ட நானே சொல்றேன்மா" என்றேன். அவளும் நம்பிப் போனாள். உள்ளே போய் நான் சொன்னது "சரிபண்ணியாச்சு பாஸ்" என்பது மட்டும்தான். யார் தப்பு என்று அவர் கேட்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு வெளியே வந்தேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது. அவளுடைய கடிதம் பல மாதங்கள் கழித்துத்தான் வந்தது.

அதற்குள் அவள் டெம்ப்ளேட்டை மாற்றியிருந்தாள். மாதிரிச் சோதனையை எடுத்துவிட்டு, கட்டாயம் தோற்கிற ஒன்றை அங்கே வைத்தாள். "உங்கள் சோதனையை நீங்கள் இன்னும் எழுதவில்லை" என்று சிவப்பில் வரும்.

போன வாரம் கீழ்க்கடையில் நானும் அவளும் மற்றவர்களும் தே தாரிக், அதாவது இழுத்து ஆற்றிய பால் தேநீர், குடித்துக்கொண்டிருந்தோம். புதிதாகச் சேர்ந்த ஒருவர் என்னிடம் கேட்டார்.

"ஏண்ணே, டெம்ப்ளேட் ஆரம்பமே ஃபெயிலா இருக்கு? முன்ன யாராச்சும் சொதப்பிட்டாங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். பார்வையில் கோபம் இல்லை. நான் பேசட்டும் என்று காத்திருந்தாள்.

"அது சும்மா, ஒரு சேஃப்டிக்கு லா" என்றேன்.

அவள் மிச்சத் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு மாடியேறிப் போனாள்.