மஞ்சள் தண்ணீர் வரும்வரை

டைரக்டர் "கட்" சொல்லியாகிவிடும். விளக்குகளை அணைத்துவிடுவார்கள். கத்தியால் குத்திய கதாநாயகன்கூட மோர் குடிக்கப் போய்விடுவான். சென்னப்பன் மட்டும் வாயைப் பிளந்தபடி தரையில் கிடப்பார். அவர் எழுந்திருக்க வேண்டுமானால், பொம்மிடியிலிருந்து கூடவே ரயிலேறி வந்திருக்கும் அவர் சம்சாரம் குள்ளம்மாள் சொம்போடு வரவேண்டும். வந்து முகத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, "களம் முடிஞ்சிருச்சுங்க, எந்திரிங்க, வூட்டுக்குப் போலாம்" என்று சொல்லவேண்டும். அப்புறம்தான் கண்ணைத் திறப்பார்.

சேலத்து ஸ்டுடியோவில் இதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் கிடையாது. சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், மனுஷன் சாகிற அழகுக்காகத்தானே தேடி வந்து கூப்பிடுகிறார்கள்! விஷம் குடித்த மந்திரி, மலையிலிருந்து உருண்ட கள்வன், மருமகள் சாபத்தில் சுருண்ட மாமனார் என்று எந்தப் படத்திலும் அவர் இடைவேளையைத் தாண்டியதில்லை. விழும்போது முதலில் முழங்கால், பிறகு தோள், கடைசியில் கால் கட்டைவிரல் ஒரு துடிப்புத் துடித்து அடங்கும். டெண்டுக் கொட்டகையில் பெண்கள் அந்தக் கட்டைவிரலுக்காகவே அழுவார்களாம்.

ஆள் பயந்தாங்கொள்ளி. பாம்புக்குப் பயம், ரயில் பாலத்துக்குப் பயம், ஊசி போடும் டாக்டரைக் கண்டால் காய்ச்சலே ஓடிப்போகும். அதெல்லாம் சும்மா. அசல் பயம் வேறே.

சினிமாவுக்கு வருமுன் அவர் கூத்தாடினவர். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்தால், போர் முடியும் படுகளத்தன்று செத்துக் கிடக்கும் வீரர்களில் ஒருவராகக் கிடப்பார். அப்படிக் கிடப்பவர்களை மஞ்சள் தண்ணீர் தெளித்து எழுப்பிவிட வேண்டும். எழுப்பாமல் தானாக எழுந்தவனுக்குச் சாவு பின்னாலேயே வரும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஒரு வருஷம் பக்கத்தில் கிடந்த கூட்டாளி மாது, கட்டெறும்பு கடிக்கிறதென்று எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு போனான். திருவிழாப் பந்தலைப் பிரிப்பதற்குள் காய்ச்சல் வந்து போயே போய்விட்டான். பாடைக்குத் தோள் கொடுத்தவர் சென்னப்பன். "அவன் குதிகாலு எங் காதோரம் இடிச்சுச்சுங்க. என்னா சில்லுங்கறீங்க!" என்று சொல்லிக் காதைத் தேய்த்துக்கொள்வார்.

போன மாதம் அவருக்கு ராஜா வேஷம் கிடைத்தது. மந்திரிக்கு மேலே போனதில்லையா, சந்தோஷம் பிடிபடவில்லை. ராஜாவும் சீக்கிரமே செத்துச் சிதையேறுகிறார் என்று அப்புறம்தான் சொன்னார்கள். சாவுக் காட்சியன்று குள்ளம்மாள் அவசரப்பட்டுவிட்டாள். கட்டைவிரல் அடங்கியதுதான் தாமதம், டைரக்டர் வாயைத் திறக்குமுன், "எந்திரிங்க" என்று குரல் கொடுத்தாள். அது மைக்கில் போய் விழுந்தது. யுத்த காலம், பிலிம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. டைரக்டர் தாம்தூம் என்று குதித்தார்.

"இந்தம்மாவ கேட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்துங்க! உள்ள விட்டா வாட்ச்மேனுக்கு வேலை கிடையாது!"

காட்சியை மறுபடி எடுத்தார்கள். சென்னப்பன் செத்தார். எழுப்ப ஆளில்லை. ரொம்ப நல்லதாய்ப் போயிற்று என்று அப்படியே தூக்கிக்கொண்டுபோய், வெளி மைதானத்தில் அடுக்கியிருந்த சிதையில் கிடத்தினார்கள். கால்மாட்டில் மட்டும் தீ வைப்பதாக ஏற்பாடு. "கட்" என்றதும் அணைக்க ஆட்கள் வாளியோடு நின்றார்கள்.

"கட்" என்று சொல்லும்போது பார்த்துக் காற்றுத் திரும்பியது. ஊற்றிய தண்ணீர் ஒரு பக்கம், நெருப்பு ஒரு பக்கம். ராஜ அங்கியின் ஓரம் பற்றிக்கொண்டது.

"யோவ், எந்திரிய்யா!"

"சென்னப்பா, குதிச்சிருப்பா!"

கண்ணை மூடிக் கிடந்தவருக்கு எல்லாம் கேட்டது. குள்ளம்மாள் குரல் மட்டும் கேட்கவில்லை. எழுந்தால் மாதுவின் கதி, எழாவிட்டால் இங்கேயே சாம்பல். பயத்தில் பல் கிட்டிப்போய்க் கிடந்தார்.

"அந்தம்மாவக் கூட்டிக்கிட்டு வாங்கய்யா!" என்று டைரக்டரே அலறினார். யாரோ கேட்டுக்கு ஓடினார்கள். அதற்குள் தொடையில் சுரீரென்று பட்டது. உடம்பு சொன்ன பேச்சைக் கேட்குமா? எகிறிக் கீழே குதித்துவிட்டார்.

அங்கியை உரித்தெறிந்துவிட்டு, வெந்த தொடையோடு நொண்டிக்கொண்டே கேட்டைப் பார்த்து நடந்தார். எதிரே குள்ளம்மாள் தண்ணீர் தளும்ப ஓடி வந்தாள். தன் காலால் நடந்து வருகிறவரைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"யாருங்க எழுப்புனது?"

"நானாத்தான் புள்ள. சூடு தாங்கல. இப்பவாச்சும் தெளிச்சு உடேன்."

"எந்திரிச்ச பொறவு தெளிச்சா செல்லாதுங்களே!" என்று அவள் அழுதாள். அழுதுகொண்டே ஓரடி பின்னால் போனாள். யாரைப் பார்த்துப் பின்வாங்குகிறோம் என்று தோன்றியதோ என்னவோ, சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள். புறங்கையை அவர் மூக்கருகே கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள்.

சென்னப்பன் மூச்சு விடவும் பயந்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.