கழித்துப் போட்ட இடி

பூஹப்ஸின் உத்தியோகம் தெளிந்த வானத்தைக் காவல் காப்பது. எங்கள் ஊருக்கு வெளியே பாலைவன ஓரத்துப் பொட்டல் வெளியில் ஒரு கம்பி வேலி, அதற்குள் ஓர் இரும்புக் கம்பம், பக்கத்தில் ஓர் அறை. அறைக்குள் சுழலும் உருளையில் சுற்றிய தாளில் ஒரு பேனா நாள் முழுக்கக் கோடு இழுத்துக்கொண்டிருக்கும். மேகமே இல்லாத நாளிலும் காற்றில் மின்சாரம் உண்டு. பேனா எழுதுவது அதைத்தான். உலகத்தில் எங்கெங்கோ இடிக்கிற மேகங்கள் மேலே ஏற்றிவிடும் மின்சாரம், இடியே கேட்காத ஊர்களின் வானம் வழியாகத்தான் மெல்ல மண்ணுக்கு இறங்குகிறது என்று இன்ஜினியர் பென்யூசெப் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். தினமும் மாலை சாய்ந்தபின் கோடு ஏறும். அமெரிக்கக் கண்டத்தில் பிற்பகல் இடி முழங்கும் நேரம் அது.

ஒரு விதி மட்டும் கறாரானது. மழை, தூசிக்காற்று, பக்கத்தில் இடி, வேலிக்குள் மண்ணைக் கிளறுவது, எது கோட்டைக் கெடுத்தாலும் அன்றைய தாள் கழிவு. உலகத்து இடியைக் கணக்கெடுக்கும் அந்த நிலையத்தில், தலைக்கு மேல் இடித்த நாளுக்கு மட்டும் மதிப்பில்லை.

எங்கள் ஊருக்கோ இடி என்றால் தெர்பாஸ். மண்ணுக்கடியில் உருளைக்கிழங்குபோல் கிடக்கும் இந்தக் காளான், அக்டோபரில் இடித்த இடத்தில்தான் விளையும் என்பது இங்கே எல்லோருடைய நம்பிக்கை. மூன்று மாதத்தில் மண் விரிசல் விடும். குச்சியால் நெம்பினால் போதும். பூஹப்ஸுக்குப் பதினான்கு வருஷமாக ஒன்றுகூட அகப்பட்டதில்லை. அவர் மனைவி கெய்ராவின் அண்ணன் கத்தூர் வெறும் சாக்கோடு போய் நிறைந்த சாக்கோடு வருகிறவர். இந்த லட்சணத்தில், பிப்ரவரியில் மகள் கல்யாண விருந்தில் பரிமாறும் கோதுமை ரவைக் கூஸ்கூஸுக்கு வேண்டிய தெர்பாஸை நானே தேடிக் கொண்டுவருவேன் என்று சம்பந்தி வீட்டார் முன்னால் பூஹப்ஸ் வாக்குக் கொடுத்துவிட்டார்.

"மாப்ள, உங்க மிசினு ஒலகத்து இடியெல்லாம் கேக்குமாமே. இந்த வருசம் எங்க இடிக்குதாம்?" என்று டீக்கடையில் கேட்டார் கத்தூர்.

"காங்கோவுல. பிரேசில்ல."

"அம்புட்டுத் தூரம் நம்ம கழுத தாங்குமா?"

டீக்கடையே சிரித்தது. அந்த மாதம் தாள்கட்டு வாங்க வந்த இன்ஜினியரிடம் பூஹப்ஸ் கேட்டேவிட்டார்.

"ஐயா, இது தெச சொல்லுமா?"

"சொல்லாது. இது உலகத்தோட மொத்தக் கூட்டல், பூஹப்ஸ்."

"மொத்தத்த வச்சுக்கிட்டு நான் எங்க போயித் தோண்டுறது?"

"தோண்டுறதா? வேலிக்குள்ள ஒரு பிடி மண்ணு நகரக் கூடாது, சொல்லிட்டேன்."

அக்டோபரில் தொடர்ந்து இருபத்திரண்டு நாள் சுத்தமான தாள் கிடைத்தது. இருபத்துமூன்றாம் நாள் பிற்பகல், மேற்கிலிருந்து வந்த மேகம் சரியாக நிலையத்தின்மேல் நின்று இடித்துத் தள்ளியது. பேனா தாளின் இரு விளிம்புக்கும் பாய்ந்து மை சிதறியது. பூஹப்ஸ் கம்பத்தின் கம்பியைக் கழற்றிவிட்டு, நல்ல வரிசை கெட்டுப்போன வயிற்றெரிச்சலில் வானத்தை வைதார். மழை நின்றதும் தாளை உருவி, 'செல்லாது' என்று எழுதிக் கழிவுக் கட்டில் செருகினார். அத்தோடு அந்த நாள் அவர் மனதிலிருந்தும் போயிற்று.

ஜனவரியில் கழுதையை ஓட்டிக்கொண்டு நான்கு பள்ளத்தாக்குகளில் அலைந்தார். கிடைத்தது இரண்டு முள்ளும் ஒரு ஜலதோஷமும்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கையில், வேலிக்கு வெளியே கத்தூர் குந்திக்கொண்டு குச்சியால் நெம்புவதை அறையிலிருந்து பார்த்தார். பக்கத்தில் சாக்கு நிறைந்திருந்தது. சாப்பாடு கொண்டுவந்த கெய்ராவும் அங்கேயே நின்றாள்.

"இங்க எப்புடிய்யா?" என்று வேலியோரம் வந்து கேட்டார் பூஹப்ஸ்.

"எப்புடியா? அக்டோபர்ல ஒம்ம தலைக்கு மேலயே வெடிச்சுதே! ஊர்ல இருந்து நான் பாத்தேன். உள்ள இருந்த நீரு பாக்கலையா?"

"அந்தத் தாளு செல்லாது."

"தாளு செல்லாதா, இடி செல்லாதா?"

பூஹப்ஸ் திரும்பிப் பார்த்தார். வேலிக்கு உள்ளே, கம்பத்தைச் சுற்றி, மண் கை அகலத்துக்கு ஏழெட்டு இடத்தில் உப்பி வெடித்திருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் கம்பத்துக்குப் போய்வந்திருக்கிறார்.

"என்ன பாத்துக்கிட்டே நிக்கிறீங்க? தோண்டுங்க," என்றாள் கெய்ரா.

"இன்னிக்கு வானம் துளி மேகமில்லாம இருக்குடி. இந்த மாசத்துலயே நல்ல தாளு இதுதான்."

"தாளையா கூஸ்கூஸ் மேல போடப் போறீங்க?"

அவர் தோண்டினார். பதினான்கு வருஷத்துக் கோபம் முழுக்கக் குச்சியில் இறங்கியது. அறைக்குள் பேனா உதறிக்கொண்டது. முடித்துவிட்டு வந்து தாளை உருவி, 'செல்லாது' என்று எழுதினார். காரணம் என்ற கட்டத்தில் 'தெர்பாஸ்' என்று நேர்மையாகவே எழுதினார்.

கல்யாணத்தன்று சம்பந்தி முதல் கவளத்தை மென்றுவிட்டு, "மணமா இருக்கு. பொண்ணோட அப்பா தேடுனதா?" என்று கேட்டார்.

"தேடுனாரா? கெடந்துச்சு, பொறுக்குனாரு," என்றார் கத்தூர். "வேலிக்குள்ள கெடச்சது கணக்குல சேராது மாப்ள. செல்லாது."

செல்லாது என்ற சொல்லுக்கு எதிராக வாதாடிப் பூஹப்ஸுக்குப் பழக்கமில்லை. தன் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"தின்னுட்டுப் பேசுண்ணே," என்று கெய்ரா அண்ணன் தட்டில் இன்னொரு கரண்டி போட்டாள்.