மருந்து அடிக்காத பிளாக்

பஞ்சாலை என்ற அந்தப் பெண்ணுக்கு மிளகாய்ச் சம்பால் அளவாக வைக்கத் தெரியாது. தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கும் பெண்களோடு வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி கறியை இன்னொருத்தி தட்டில் போட்டுச் சாப்பிட்டே பழகியவள். அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் கருவாட்டுச் சம்பால் ஒரு கூட்டத்துக்கே காணும்படி ஆகிவிட்டது. செம்பனை மரத்தடியில் தனியாக உட்கார்ந்து கொஞ்சம் தின்றாள். மிச்சம் வீட்டுக்குத் திரும்பும். வீட்டிலும் ஆளில்லை. புருசன் போய்ச் சேர்ந்துவிட்டான். மகளுக்குச் செனாவாங்கில் ஒரு பேக்டரியில் ஷிப்டு வேலை, அங்கேயே தங்கல்.

கையைத் தூக்கியதுதான் அவள் செய்த குற்றம். மலேசியாவில் கோலா பிலா பக்கத்து அந்தத் தோட்டத்துக்கு எண்பத்தாறாம் வருசம் விசுவநாதன் என்ற ஆராய்ச்சி அதிகாரி வந்தார். காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் விசயத்தைச் சொன்னார்: ஒரு பிளாக்கில் மட்டும் களைக்கொல்லி கிடையாது. மரத்தைச் சுற்றிக் கையால் வெட்டிவிட்டு, நடுவில் கொடி மண்ணை மூட விட்டுவிடுவது.

"கூலிக்கு மட்டும் இல்லம்மா, இதுல கூட்டாளியா வரணும். முடியுமா முடியாதான்னு நீங்க சொல்றதைத்தான் எழுதுவேன்."

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். மருந்து அடித்தடித்துப் பஞ்சாலைக்கு அன்று விடியலில்தான் மூக்கில் இரத்தம் ஒழுகியிருந்தது. கை தன்னால் மேலே போயிற்று. பிளாக் அவள் ஒருத்தி பொறுப்பில் வந்தது.

மருந்தே வேண்டாம் என்றால் மருந்தடிக்கிறவர்கள் எதற்கு? மற்றப் பெண்களுக்கு இது விளங்க நேரமாகவில்லை.

"என்னா ஆராய்ச்சிக்காரம்மா, புல்லுகிட்ட பேசி முடிச்சாச்சா?" என்றாள் மயிலம்மாள், மருந்துப் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டே. "எங்களுக்கு எப்ப ஆப்பு வைக்கப்போற?"

கூட்டம் சிரித்தது. நாளாக ஆக அந்தக் கேலியும் நின்றது. அதுதான் பொறுக்க முடியவில்லை.

பிளாக் என்னவோ நன்றாகத்தான் வந்தது. கொடி ஏறியது, மழைக்கு மண் ஓடவில்லை. மருந்தில் கறுத்து இற்றிருந்த அவள் நகங்கள் அடியிலிருந்து வெளுப்பாக வளர்ந்தன. காட்டத்தான் ஆளில்லை.

அதிகாரி முடிவு கேட்க வரும் நாளில் வேலை வாங்கும் மண்டோர் தங்கராஜு வழியில் மறித்தான். "ஒத்த ஆளே போதும்னு சொல்லிரு லா. மத்த பிளாக்கும் இப்படியே மாறும். உன் வேலைய யாரும் அசைக்க முடியாது."

"மத்தவளுங்க?"

"உன்கூடப் பேசறதே இல்ல. உனக்கென்ன அவளுங்களப் பத்தி?"

முடியாது என்றால் மறுபடி பம்பு. ஒத்தையாக முடியும் என்றால் கூட்டத்தில் பாதிப் பேருக்கு வேலை போகும். கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தாள். கூர் ஏறியும் நிறுத்தவில்லை.

விசுவநாதன் வந்து பிளாக்கைச் சுற்றிப் பார்த்தார். "எப்படிம்மா, தொடரலாமா?"

"தொடரலாங்க. ஒத்தையா முடியாது."

"வேலை நேரத்துக்கு முடிஞ்சுருதே?"

"வேலை முடியுதுங்க. எனக்குத்தான் முடியல. வழுக்கி விழுந்தா ஐயோன்னு கேட்க ஒரு ஆள் கிடையாது. நாள் முழுக்க வாயத் தொறக்காம வீட்டுக்குப் போனா, அங்கயும் தொறக்க வழியில்ல. ரெண்டு ஆளுன்னு எழுதுங்க."

"கூலி கூடும்மா. தோட்டத்துத் துரை ஒத்துக்கலன்னா மொத்தமும் நின்னுரும்."

"அப்ப நிக்கட்டும். நான் சொல்றதைத்தான் எழுதுவேன்னீங்க."

அவர் ரெண்டு ஆள் என்றே எழுதிக்கொண்டார்.

இன்னொரு பருவத்துக்கு, ரெண்டு ஆள் வைத்துப் பார்க்கலாம் என்று துரை சம்மதித்தார். மண்டோர் அனுப்பிய ஆள் மயிலம்மாள்.

"உன்னாலதான்டி என்னை இங்க தள்ளிட்டாங்க" என்றாள் வந்ததும். "நீ இந்தப் பக்கம் வெட்டு. நான் அந்தக் கோடியிலேர்ந்து வரேன்." திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

மத்தியானம் அவள் அந்தக் கோடியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். பஞ்சாலை இங்கே பாதிச் சம்பாலைத் தின்றுவிட்டு, மீதியை எச்சில் படாமல் மூடி வைத்தாள்.

சற்று நேரத்தில் தூரத்தில் கத்திச் சத்தம் கேட்டது. காலையில் கேட்டதைவிடக் கொஞ்சம் கிட்டத்தில். பஞ்சாலை எழுந்து, சத்தம் வந்த பக்கமாக அடுத்த மரத்துக்கு நகர்ந்தாள்.