நான் தூக்கக்கூடிய பேட்டரி

இரண்டு ஆட்கள் மூச்சு வாங்கத் தூக்கிவந்து என் வேனுக்குள் வைத்துவிட்டுப் போன அந்த பேட்டரியை நான் கேட்கவில்லை. வைக்கட்டுமா என்று என்னை யாரும் கேட்கவும் இல்லை. தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டியில் என் சீட் கவர் கடைக்குள் ஒரு ஜீப்புக்கு ரெக்சின் தைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் சாப்பிட எழுந்தபோதுதான் பார்த்தேன். வேனின் பின்புறம், நானே பலகை அடித்துப் போட்ட கட்டிலுக்குக் கீழே, முழங்கால் உயரத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி. சந்தனம், குங்குமம், உச்சியில் ஒரு எலுமிச்சம்பழம் வேறு.

என் தம்பியின் வேலை. அவனுக்கு மார்க்கையன்கோட்டையில் வாழைத் தோட்டம். தன் வீட்டு இன்வெர்ட்டருக்கு வாங்கியதைப் போலவே எனக்கும் ஒன்று வாங்கி, தோட்டத்து ஆட்களை விட்டு ஏற்றிவிட்டான். நல்ல எண்ணம்தான். அவனுடைய நல்ல எண்ணத்தில் நான் ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் மூழ்கித்தான் கிடந்தேன்.

வேன் என்னுடையது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்த பழைய டீசல் வண்டி. அதன் சீட்டுகளுக்கு இரண்டு தடவை நான்தான் கவர் தைத்திருக்கிறேன். விற்பனைக்கு வந்ததும் வாங்கினேன். பேப்பர்களில் சொந்த உபயோக வண்டி என்று மாற்றி, சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சின்ன ஃப்ரிட்ஜ் என்று ஒவ்வொன்றாக ஏற்றினேன். முப்பது வருடம் ஊரார் வண்டிகளில் ஊரார் உட்காரத் தைத்தாயிற்று. இனி என் வண்டியில் நான் உட்கார்ந்து போவதென்று முடிவு. கன்னியாகுமரியில் ஆரம்பித்து மேற்குக் கடலோரமாகவே கோவா வரை, இரண்டு மாதம், தனியாக.

தனியாக என்ற சொல்தான் எல்லோருக்கும் தொண்டையில் மாட்டியது. கணவர் இறந்து ஆறு வருடம், பிள்ளைகள் இல்லை. ஆகவே என்னைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை தனக்கு வந்துவிட்டதாகத் தம்பி நம்பினான். அவன் கையில் ஒரு வலுவான ஆயுதமும் இருந்தது. எனக்குச் சர்க்கரை. காலையும் இரவும் இன்சுலின் போட வேண்டும். இரண்டு மருந்துகள் ஒத்துக்கொள்ளாமல் மூன்றாவதாக அமைந்தது இது. எல்லா ஊர் மருந்துக்கடையிலும் கிடைக்காது. இரண்டு மாத மருந்தையும் கையோடு கொண்டுபோக வேண்டும், அது ஃப்ரிட்ஜின் குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டும். உறைந்தாலும் வீண், சூடேறினாலும் வீண். நம் கம்பம் பள்ளத்தாக்கின் சித்திரை வெயிலில் மூடிய வேனுக்குள் எத்தனை டிகிரி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஃப்ரிட்ஜ் நின்றால் பயணம் நிற்கும். வண்டி நிற்கும்போதும் ஃப்ரிட்ஜ் ஓட வேண்டுமென்றால் இஞ்சின் பேட்டரியைத் தவிர இன்னொன்று வேண்டும். நான் போகிறேனா இல்லையா என்பது கடைசியில் அந்த ஒரு பெட்டியில் வந்து நின்றது.

"போறதுன்னா போக்கா. ஆனா பேட்டரி நான் வாங்கித் தர்றதுதான்" என்று தம்பி சொல்லியிருந்தான். நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் அவனுக்கு உண்டு. அந்தப் பழக்கத்தை வளர்த்துவிட்டவள் நான்தான்.

அவன் எப்படி அதைத் தேர்ந்தெடுத்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் பேட்டரி வாங்கப் போகிறவர்கள் முதலில் லேபிளைப் பார்ப்பதில்லை. ஒரு ஓரத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார்கள். மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. செத்துப்போன பேட்டரியைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனால் தராசில் வைத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று புதிதின் விலையில் கழிப்பார்கள். அதிலிருந்து கனமானதுதான் நல்லது என்று ஊரே ஒரு கணக்குக்கு வந்துவிட்டது. கை வலித்தால் சரக்கு உண்டு. தம்பியும் கடையில் இருந்ததிலேயே கனமானதைக் காட்டச் சொல்லியிருக்கிறான். தூக்க முடியவில்லை என்றதும் திருப்தியாகிவிட்டான்.

எனக்கும் அன்றைக்கு விவரம் பத்தாது. சீட்டுக்கு மேலே இருப்பது தெரியும், சீட்டுக்குக் கீழே இருப்பது தெரியாது. ஆனால் வெட்டுவதற்கு முன்னால் அளந்து பார்க்கத் தெரியும். அதனால் ஒரு வெள்ளோட்டம் போனேன். ஃப்ரிட்ஜில் தேதி முடிந்த பழைய இன்சுலின் பேனா ஒன்றையும் ஒரு தெர்மாமீட்டரையும் வைத்துக்கொண்டு குமுளிக்குக் கிளம்பினேன். ராத்திரி அங்கே தங்கி மறுநாள் திரும்புவதாகத் திட்டம். போட்டுக்கொண்டிருந்த ஒரு பேனாவை மட்டும் கைப்பையில் எடுத்துக்கொண்டு, மற்ற நல்ல மருந்தை வீட்டில் வைத்துவிட்டுப் போகும் புத்தியாவது அன்றைக்கு இருந்தது.

கம்பம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும், ஒவ்வொரு வளைவிலும் பின்னாலிருந்து தண்ணீர் அலம்பும் சத்தம். அது தண்ணீர் இல்லை, ஆசிட். கொஞ்ச நேரத்தில் அழுகின முட்டை வாடை அடித்தது. தொண்டை கரகரத்தது. எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு ஓட்டினேன். மேலே போய்க் கட்டிலைத் தூக்கிப் பார்த்தால், கயிறு தளர்ந்து பேட்டரி ஒருக்களித்துச் சாய்ந்திருந்தது. மூடி ஓரங்களில் ஈரம். நான் பார்த்துப் பார்த்துத் தைத்த பருத்தி மெத்தை உறையின் கீழ் விளிம்பும் நனைந்திருந்தது. அப்போது அதில் ஒன்றும் தெரியவில்லை. ஊருக்கு வந்து துவைத்துப் பிழிந்தபோதுதான் சல்லடையாகக் கிழிந்து கையோடு வந்தது.

மறுநாள் காலையில் ஃப்ரிட்ஜ் நின்றிருந்தது. தெர்மாமீட்டரில் பதினெட்டு டிகிரி, இன்சுலினுக்கு எட்டைத் தாண்டக் கூடாது. வண்டியும் ஸ்டார்ட் ஆகவில்லை. தம்பி அனுப்பிய மெக்கானிக் இரண்டு பேட்டரியையும் நேராக இணைத்து வைத்திருந்ததால், ஃப்ரிட்ஜ் இரண்டையும் சேர்த்தே உறிஞ்சிவிட்டது. கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிவரும் ஜீப் டிரைவர் ஒருவர் பார்த்துவிட்டு வந்தார். இறக்கத்தில் வண்டியைத் தள்ளி உருளவிட்டு, கியரில் போட்டு ஸ்டார்ட் செய்துகொடுத்தார். போகும்போது உள்ளே எட்டிப் பார்த்தவர், "இது வீட்டு மூலையில அசையாம நிக்கிற பேட்டரிக்கா. இத எதுக்கு மலையேத்துறீக?" என்றார்.

அந்த ஒரு கேள்வி தம்பிக்குத் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வழி நெடுக என் மேலேயே எரிச்சலாக இருந்தது.

ஊருக்கு வந்து சொன்னதும் தம்பி நிம்மதியாகச் சிரித்தான். நான் அப்பவே சொன்னேனே, இந்த வண்டியெல்லாம் உனக்கு ஒத்துவராது என்றான். வாங்கிக்கொடுத்தது அவன், கயிறு கட்டியது அவன் ஆட்கள், இணைத்தது அவன் மெக்கானிக். ஒத்துவராதது மட்டும் நான். எனக்கு வந்த கோபத்தில் தையல் மிஷினின் பெடலை அழுத்திக்கொண்டே இருந்தேன், ஊசியில் நூலே இல்லை. மறுநாள் அதே இரண்டு ஆட்களை வரவழைத்து, அந்தப் பெட்டியை எலுமிச்சம்பழத்தோடு மார்க்கையன்கோட்டைக்கே திருப்பி அனுப்பினேன்.

பிறகு தேனியில் ஒரு பேட்டரிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்தார். "வீட்ல ஆம்பளையாளுக வரலையாம்மா?" என்றார். வண்டியை நான்தான் ஓட்டுகிறேன், பேட்டரியையும் நானேதான் வாங்குவேன், அவசரமில்லை, எல்லாவற்றையும் எடுத்துக் காட்டுங்கள் என்று சொல்லி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மனுஷர் நல்லவர். தயங்கியதெல்லாம் அந்த ஒரு கேள்வியோடு சரி. அடுத்த இரண்டு மணி நேரம் நான் கேட்ட எதற்கும் சலிக்காமல் பதில் சொன்னார்.

முதலில் என் தேவையை அளந்துகொடுக்கச் சொன்னேன். ஃப்ரிட்ஜ், மின்விசிறி, இரண்டு விளக்கு, போன். மீட்டர் வைத்துப் பார்த்து, பேட்டரிக் கொள்ளளவுக் கணக்கில் ஒரு நாளைக்கு ஐம்பது ஆம்பியர்-மணி வரும் என்றார். ஓரிடத்தில் இரண்டு நாள் வண்டியை எடுக்காமல் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்க எனக்கு ஆசை. அப்படியானால் நூறு. ரவிக்கைத் துணி அளக்கிற மாதிரிதான், அளவு தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடுகிறது.

இஞ்சினை எழுப்புகிற சாதாரண கார் பேட்டரி முதலிலேயே கழிந்தது. ஒரு நொடி பலமாக உதைத்துவிட்டு ஓய்ந்துகொள்வது அதன் குணம். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னால் சீக்கிரம் படுத்துவிடும். தம்பி வாங்கியது நாள் முழுக்கக் கொடுக்கும். ஆனால் லேபிளில் நூற்றைம்பது என்று போட்டிருந்தாலும் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுசு குறையுமாம். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், சார்ஜ் ஏறும்போது வாயு வரும். நான் படுத்துத் தூங்கும் அறைக்குள் அதற்கு இடமில்லை. சீல் வைத்து வருகிற ஜெல் பேட்டரி சிந்தாது, வாடை வராது. அதில் மனசு கொஞ்ச நேரம் நின்றது. ஆனால் அதிலும் பாதிதான் எடுக்கலாம். எனக்கு வேண்டிய அளவுக்கு இரண்டு தேவைப்படும், இரண்டும் சேர்ந்தால் மறுபடியும் ஆள் பிடிக்க வேண்டும்.

கடைசியாக, அலமாரியின் அடித்தட்டில் தூசி படிந்து கிடந்த லித்தியம் பேட்டரியை எடுத்தார். ஏறக்குறைய முழுக் கொள்ளளவையும் எடுத்துக்கொள்ளலாம். தண்ணீர் வேண்டாம், சிந்தாது. அளவுக்கு மேல் இறங்கினால் தானே நிறுத்திக்கொள்ளும். சூடு மட்டும் ஆகாது, அதனால் இஞ்சின் பக்கத்தில் வைக்கக்கூடாது. இஞ்சினிலிருந்து சார்ஜ் ஏற்ற நடுவில் தனியாக ஒரு சார்ஜர் போட வேண்டும். அதைப் போட்டுவிட்டால் ஃப்ரிட்ஜ் இஞ்சின் பேட்டரியை உறிஞ்சாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு அவரே குரலைத் தாழ்த்தினார். "ஆனா இதுல கனமே இல்லக்கா. தூக்கிப் பாத்துட்டு டூப்ளிகேட்டுன்னு வச்சுட்டுப் போயிடுறாக."

நான் தூக்கிப் பார்த்தேன். ஒரு பத்துக் கிலோ அரிசிப் பையின் கனம்தான் இருந்தது. கவுண்டரிலிருந்து வாசல் வரை தூக்கிக்கொண்டு நடந்தேன். திரும்பி நடந்து வந்து மறுபடியும் வைத்தேன். கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. நடுவழியில் ஏதாவது ஆனால் இதை நானே கழற்றலாம், நானே தூக்கிக்கொண்டு ஒரு கடைக்குப் போகலாம். யார் வீட்டு ஆட்களுக்கும் போன் போட வேண்டியதில்லை. நான் முடிவெடுத்தது அந்த வாசலில்தான். விலை அதிகம். அதை இங்கே எழுதப்போவதில்லை. தைத்துச் சம்பாதித்தது, யாரையும் கேட்டுச் செலவழிக்க வேண்டியதில்லை.

எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. கட்டிலுக்குக் கீழே ஒரு இடம் இருந்தது, ஆனால் அதற்கு நேர் அடியில்தான் சைலன்சர் குழாய் போகிறது. ஒரு தடுப்பு அடித்தால் சூட்டைத் தடுக்கலாம் என்று கடைக்காரர் சொன்னார். வேறொரு இடமும் இருந்தது. ஓட்டுகிற சீட்டைத் தவிர வண்டியில் ஒரே ஒரு சீட்டை நான் கழற்றாமல் விட்டிருந்தேன். அதை இறுக்கியிருந்த நான்கு போல்ட்டும் தரையின் இரும்புச் சட்டத்தோடு பிடித்தவை, எந்த வளைவிலும் அசையாது. சூடும் அங்கே வராது. சீட்டைக் கழற்றினேன். பேட்டரிக்கு ஒரு இரும்புப் பெட்டி செய்து, அதே நான்கு துளைகளில் நானே முடுக்கினேன். மேலே மெரூன் ரெக்சினில் ஒரு உறையும் தைத்துப் போட்டேன்.

கடை வாசலில் வெயிலிலேயே இரண்டு நாள் வண்டியைத் தொடாமல் நிறுத்தி வைத்தேன். மணிக்கொரு தரம் போய்த் தெர்மாமீட்டரைப் பார்த்தேன். ஐந்து, ஆறு, ஐந்து. மூன்றாம் நாள் குமுளிக்கு ஏறி இறங்கினேன். அந்த இரண்டு நாளில் குறைந்திருந்த சார்ஜ் திரும்ப ஏறியிருந்தது. எந்த வாடையும் இல்லை. அன்றைக்கே மருந்துக்கடைக்குப் போய் இரண்டு மாத இன்சுலினை வாங்கி ஃப்ரிட்ஜில் அடுக்கினேன்.

கிளம்புகிற அன்று விடிந்ததும் தம்பி வந்தான். கையில் ஒரு துணிப்பை, புதுச் செருப்பு. வாசலிலேயே நின்றான். நான் தனியாகப் போவதை அவனால் தாங்க முடியவில்லை, மூன்று நாளாகத் தூக்கமில்லை, தோட்டத்தை ஆள் பார்த்துக்கொள்ளும், கோவா வரை இல்லாவிட்டாலும் பத்து நாளாவது கூட வருகிறேன் என்று ஒரே மூச்சில் சொன்னான். அவன் கண் சிவந்திருந்தது. பொய் இல்லை, நிஜமாகவே பயந்துபோயிருந்தான்.

பதிலுக்குக் காத்திராமல் கதவைத் திறந்து உள்ளே பார்த்தான்.

"சீட்டு எங்கக்கா?"

"அங்கன பேட்டரி இருக்குடா."

அவன் கையை நீட்டி அந்த மெரூன் பெட்டியைத் தட்டிப் பார்த்தான். "இத அந்தக் கட்டிலுக்குக் கீழ வைக்க முடியாதா?" என்றான்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சைலன்சர், சூடு, போல்ட் என்று வரிசையாகக் காரணம் இருந்தது, எல்லாம் உண்மையான காரணங்கள். ஆனால் அந்தச் சீட்டைக் கழற்றியபோது என் மனதில் இருந்தது அதெல்லாம் இல்லை. ஒரு சீட் இருந்தால் அதில் யாராவது வந்து உட்காருவார்கள். உட்கார்ந்தால் இங்கே நிறுத்து, அங்கே திரும்பு என்பார்கள். நான் பதில் சொல்லாமல் இருப்பேன், அதுவே சம்மதமாகிவிடும்.

"முடியும்டா," என்றேன். "ஆனா வைக்க மாட்டேன்."

அவன் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு வலிக்கத்தான் செய்தது. சின்ன வயதில் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. இருந்தாலும் ஸ்பேனரை எடுக்க என் கை போகவில்லை. ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன், இஞ்சின் முதல் உதையிலேயே எழுந்தது. அவன் சுற்றி வந்து என் பக்கத்துக் கதவை வெளியிலிருந்து அழுத்திச் சாத்தினான். பையைத் தோளில் மாற்றிக்கொண்டு, ஜன்னல் ஓரமாக நின்று, "மெதுவா ஓட்டுக்கா" என்றான்.

ஓட்டாதே என்று சொல்லாமல் அவன் எனக்குச் சொன்ன முதல் யோசனை அது. இந்தத் தடவையும் நான் பதில் சொல்லவில்லை. கியரைப் போட்டேன்.