வெள்ளவத்தைக்குப் போன நிதி

பொறாமை என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. வயிற்றெரிச்சல் என்றே சொல்கிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே வயிற்றில்தான் எரிந்தது. என்னோடு ஒரு காலத்தில் பம்பலப்பிட்டியில் படிப்பித்த பெண் ஒருத்தி, வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்குப் பகல் நிலையம் நடத்துகிறாள். பிள்ளைகள் என்றாலும் எல்லோருக்கும் பதினெட்டு வயது தாண்டியிருக்கும். கொட்டாஞ்சேனையில் நானும் அதே மாதிரி ஒன்று நடத்தினேன். அவளுக்கு ஒவ்வொரு வருடமும் எங்கிருந்தாவது நிதி வந்துவிடும். எனக்கு, உங்கள் விண்ணப்பத்தை மிகுந்த ஆர்வத்துடன் வாசித்தோம் என்று ஒரு கடிதம் வரும்.

தொடங்கியது நான்தான். என் மகளுக்குப் பதினெட்டு முடிந்தவுடன், அவள் போய்க்கொண்டிருந்த விசேட வகுப்பில் இனி இடமில்லை என்றார்கள். அதற்குப் பிறகு இப்படிப்பட்ட பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. வீட்டில் இருப்பார்கள், அவ்வளவுதான். நான் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்மாடியை வாடகைக்கு எடுத்து, மகளையும் இன்னும் நாலு பேரையும் வைத்துத் தொடங்கினேன். இரண்டு வருடம் கழித்து, என்னோடு படிப்பித்த அவள் ஒரு கொப்பியோடு வந்தாள். ஒரு கிழமை முழுக்க மூலையில் இருந்து நான் செய்வதையெல்லாம் எழுதிக்கொண்டு போனாள். நானும் மடைச்சி மாதிரி அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அடுத்த வருடம் பார்த்தால் வெள்ளவத்தையில் போர்ட் தொங்குகிறது.

அவளுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். ஒருவன் எஞ்சினியர், மற்றவன் வெளிநாட்டில் படிக்கிறான். என் மகளைப் போல ஒரு பிள்ளை வீட்டில் இல்லாதவளுக்கு இந்த வேலை என்னத்துக்கு? ஆனால் அவளிடம் முதலில் சமையல் பழக்குகிற குசினி வந்தது, பிறகு பேச்சுப் பயிற்சி கொடுக்க ஆள் வந்தார், பிறகு வான் வந்தது. அந்த வானை நான் முதன்முதல் பார்த்தது பஸ்ஸில் நின்றபடி. சிக்னலில் பக்கத்தில் வந்து நின்றது. உள்ளே ஆறு பேர் பெல்ட் போட்டுக்கொண்டு ராசாக்கள் மாதிரி இருந்தார்கள். நான் வியர்வையில் ஊறிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய், துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற என் கணவரிடம் மூச்சு விடாமல் அதையே கதைத்தேன்.

"உனக்கு எரியுது," என்றார் அவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஓம், எரியுது. எரியாம என்ன? என்னட்டப் பாத்துப் பழகிட்டுப் போனவதானே!"

"வான் வேணுமெண்டா கேட்டு எழுது. எரிஞ்சா வான் வருமா?"

மனுசனுக்கு இப்படித்தான் கதைக்க வரும்.

என் மகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இப்போது இருபத்தாறு வயது. கதைக்க மாட்டாள். உள்ளங்கையால் மேசையைத் தட்டப் பிடிக்கும், பைப்பில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்கப் பிடிக்கும், எதையாவது தரம் பிரித்து வைக்கச் சொன்னால் ஒரு மணித்தியாலம் அசையாமல் செய்வாள். சத்தம் கூடினால் மட்டும் நிலத்தில் படுத்து, தன் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டு கத்துவாள். அந்தக் கத்தலுக்குத் தெருவில் போகிறவர்கள் நின்று மேலே பார்ப்பார்கள். சொந்தக்காரர் கல்யாணத்துக்குச் சொல்ல வந்தால், கார்டைத் தந்துவிட்டு, வாசலில் செருப்புப் போடும்போதுதான் மெதுவாகக் கேட்பார்கள்: "மகளைப் பாத்துக்கொள்ள வீட்டில ஆள் இருக்குதானே?" கூட்டிக்கொண்டு வராதே என்பதை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். நானும் ஓம் ஓம் என்று சிரித்து அனுப்பிவிட்டு, கார்டைக் குப்பைக் கூடைக்குள் போடுவேன்.

போன வருடம் எங்கள் நிலையத்துக்கு உதவிக்கொண்டிருந்த வெளிநாட்டுக் குடும்பம் இனி முடியாது என்று சொல்லிவிட்டது. மேல்மாடியின் சொந்தக்காரரும் மார்கழிக்குள் இடத்தை விடச் சொன்னார். அந்த நேரம் பார்த்துத்தான், கொழும்பில் ஒரே ஒரு பகல் நிலையத்தைத் தெரிந்தெடுத்து மூன்று வருடத்துக்கு நிதி கொடுப்பதாக ஒரு அமைப்பு அறிவித்தது. கிடைத்தால் என் நிலையம் நிற்கும். கிடைக்காவிட்டால் பதினொரு பேரும், என் மகளையும் சேர்த்துத்தான், காலையில் எழும்பிப் போக இடமில்லாமல் வீட்டில் கதிரையில் குந்தியிருக்க வேண்டியதுதான். இரண்டு மாதம் இருந்து விண்ணப்பம் எழுதினேன். கடைசிச் சுற்றுக்கு இரண்டு நிலையங்களை எடுத்திருந்தார்கள். மற்றது எது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

நேரில் பார்க்க வருவதாக ஈமெயில் வந்தது. ஒரு சாதாரண நாளைத்தான் பார்க்க விரும்புகிறோம், தயவுசெய்து விசேட ஏற்பாடு எதுவும் செய்ய வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். அதை நான் எப்படி விளங்கிக்கொள்வேன்? "ஒண்டும் செய்ய வேண்டாம், சும்மா வந்திட்டுப் போறம்" என்று எங்கள் வீட்டுக்கு யாராவது சொன்னால், கட்லட்டோடு பற்றீஸும் பொரிக்க வேண்டும் என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். விருந்தாளி மரியாதைக்குச் சொல்கிறார், நாங்கள் மரியாதைக்குக் கேட்காமல் விடுகிறோம். அப்படியேதான் இதையும் எடுத்துக்கொண்டேன்.

சுவருக்குப் பெயின்ட் அடித்தோம். குத்துவிளக்கை வாடகைக்கு எடுத்தோம். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சட்டை தைத்தோம். மூன்று மொழியிலும் வரவேற்புப் பாட்டு, அதற்கு மேளம். மேளம் தொடங்கினால் என் மகள் நிலத்தில். மூன்று நாள் ஒத்திகை பார்த்தோம், மூன்று நாளும் நிலத்தில். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது, ஆனால் பரிதாபத்தில் இல்லை. இவள் கெடுத்துவிடுவாள், நிதி வெள்ளவத்தைக்குப் போய்விடும் என்ற ஆத்திரத்தில். பெற்ற தாய் நினைக்கிற நினைப்பா அது? நினைத்தேன்.

பார்க்க வருகிற நாளுக்கு முதல் நாள் அவளைக் கொண்டுபோய் வத்தளையில் என் மச்சாள் வீட்டில் விட்டேன். அவளைப் போலவே கரைச்சல் கூடிய இன்னும் இரண்டு பேரின் தாய்மாருக்குப் போன் எடுத்தேன். "நாளைக்கு மட்டும் வீட்டில வச்சுக்கொள்ளுங்க. ஆக்கள் வாறாங்க, விளங்குதுதானே?"

அதில் ஒரு தாய், "சரி மிஸ், பரவால்ல," என்று சிரித்தாள். கல்யாணக் கார்டை வாங்கிக்கொண்டு நான் சிரிக்கிற அதே சிரிப்பு. அது எனக்கு நன்றாகவே விளங்கியது. விளங்கியும் போனை வைத்துவிட்டு, மேளக்காரர் எத்தனை மணிக்கு வருவார் என்று விசாரிக்கப் போய்விட்டேன்.

வந்தது ஒரு இளம் முஸ்லிம் பெண். நன்றாகத் தமிழ் கதைத்தாள். நாங்கள் போட்ட மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பாட்டை முழுக்கக் கேட்டு, கை தட்டினாள். பற்றீஸ் ஒன்றைக் கடித்துவிட்டு ஆட்களை எண்ணிப் பார்த்தாள்.

"பதினொரு பேர் வாராங்கன்னு எழுதியிருந்தீங்க. எட்டுப் பேர்தானே இருக்கிறாங்க?"

"மூண்டு பேருக்குக் காய்ச்சல்," என்றேன்.

"உங்கட மகளும் வாராங்கன்னு இருந்திச்சே. அவங்களைப் பார்க்கணும்னு நினைச்சேன்."

"அவளுக்கும்தான் காய்ச்சல்."

அவள் பேனையை மூடாமல் என்னைப் பார்த்தாள். "கஷ்டமான ஒரு நாள் வந்தா, யாராவது ரொம்பக் குழம்பிட்டாங்கன்னா, நீங்க எப்படிச் சமாளிக்கிறீங்க, டீச்சர்?"

"எங்கட பிள்ளைகள் கரைச்சல் தாறதே இல்ல," என்று பெருமையாகச் சொன்னேன். எட்டுப் பேரும் கைகட்டிக்கொண்டு இருந்தார்கள். அவள் ஏதோ எழுதிக்கொண்டாள். நல்லதைத்தான் எழுதுகிறாள் என்று நினைத்து இன்னொரு கட்லட்டை அவள் தட்டில் வைத்தேன்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. இந்த நிதி மிகக் கூடுதலான ஆதரவு தேவைப்படுகிறவர்களுக்கானது, உங்கள் நிலையத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் தாங்களே சமாளிக்கக்கூடியவர்களாகத் தெரிகிறார்கள், வாழ்த்துகள் என்று எழுதியிருந்தது. வாழ்த்துகளாம்! கடிதத்தை நான் நாலாகக் கிழித்தேன். பிறகு திரும்ப ஒட்டி வாசித்தேன், எங்காவது வேறு மாதிரி அர்த்தம் இருக்குமோ என்று.

இரண்டு நாள் கழித்து வெள்ளவத்தைக்காரி போன் எடுத்தாள். எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

"எனக்குக் கிடைக்குமெண்டு நான் நினைக்கவே இல்லை," என்றாள். அவள் யாழ்ப்பாணம், எத்தனை வருடம் கொழும்பில் இருந்தும் கதை மாறவில்லை. "அண்டைக்குப் பாக்க வந்தவ இருந்த உடனே எங்கட ஆள் ஒருத்தர் சோத்துக் கோப்பையைத் தூக்கி எறிஞ்சிட்டார். அவவின்ர உடுப்பு முழுக்கப் பருப்பு. சரி, முடிஞ்சுது எண்டுதான் நினைச்சனான்."

எறிந்ததையும் அவள் ஒத்திகை பார்த்துத்தான் செய்வித்திருப்பாள் என்று என் கணவரிடம் பின்னர் சொன்னேன். "பருப்பையுமா?" என்று கேட்டார்.

ஆனால் போனில் அவள் இன்னும் முடிக்கவில்லை. "உம்மட பதினொரு பேரையும் இஞ்ச அனுப்பும். வான் கொட்டாஞ்சேனைக்கு வரும். நீரும் வாரும், எனக்கு உம்மை மாதிரி ஒரு ஆள் வேணும்."

"விண்ணப்பத்தில என்ட பிள்ளைகளையும் சேத்துத்தான் எழுதினீங்களா?"

"நீர் மூடினா அதுகள் எங்க போறது? அதாலதான் எழுதினனான். கோவிக்காதையும்."

நான் போனை வெட்டிவிட்டேன். என் இடத்தைப் பார்த்து எழுதினாள், என் நிதியை எடுத்தாள், இப்போது என் பிள்ளைகளையும் எடுக்கப் பார்க்கிறாள். ஆனால் தாய்மாரிடம் கேட்டபோது ஒருவரும் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. முதலில் சரி என்றவள் பிள்ளையை வீட்டில் வைக்கச் சொன்னபோது போனில் சிரித்த அந்தத் தாய். மார்கழியில் மேல்மாடிச் சாவியைக் கொடுத்தேன். தை பிறந்ததும் வான் கொட்டாஞ்சேனைக்கு வரத் தொடங்கியது. பத்துப் பேர் ஏறினார்கள். என் மகளை நான் விடவில்லை.

ஒரு மாதம் வீட்டில் வைத்திருந்தேன். காலை எட்டு மணியானால் எழும்பிப் போய் கேட்டைத் தட்டுவாள். திறக்காவிட்டால் இன்னும் தட்டுவாள். உள்ளங்கை சிவந்துவிடும். ஒரு நாள் என் கணவர் அவள் காலில் சப்பாத்தைப் போட்டுவிட்டு, "உன்ட கோபத்துக்கு அவள் என்னடி செய்வாள்?" என்றார். அடுத்த நாள் நானும் மகளும் வானில் ஏறினோம்.

நிலையத்துக்குள் நான் போகவில்லை. எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் இருந்தேன். முதலாளி மூன்று தரம் வந்து, "தவ எக்கக்த, நோனா?" என்று இன்னொரு தேத்தண்ணி வேண்டுமா எனக் கேட்டார். நான் போனை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் கத்துகிறாள், எங்களால் முடியவில்லை, வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று அழைப்பு வர வேண்டும் என்பதுதான் என் ஆசை. மறைத்து என்ன? மன்றாடினேன் என்றும் சொல்லலாம். மூன்று நாள் அப்படி இருந்தேன், அழைப்பு வரவில்லை.

நாலாம் நாள் அந்த நிதிப் பெண் வந்து இறங்குவதைக் கண்டேன். என்ன பார்க்கிறாள், எப்படிப் பார்க்கிறாள் என்று தெரியாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். பின்னாலேயே படியேறி, கதவுக்கு வெளியே நின்றேன்.

சாப்பாட்டு நேரம். யாரோ எவர்சில்வர் கோப்பைகளை அடுக்கோடு கீழே போட்டுவிட்டார்கள். அடுத்த நொடி என் மகள் நிலத்தில். மணிக்கட்டு வாயில். அந்தக் கத்தல். வந்தவளோடு கதைத்துக்கொண்டிருந்த என் சிநேகிதி, ஆம், சிநேகிதிதான், கதையை அப்படியே விட்டுவிட்டுச் சாறியோடு நிலத்தில் இருந்தாள். தொடவில்லை, ஒன்றும் சொல்லவில்லை, பக்கத்தில் இருந்தாள். நிதிப் பெண்ணும் கொஞ்சம் தள்ளி நிலத்தில் இருந்தாள். மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். ஜன்னல்கள் எல்லாம் திறந்தே கிடந்தன, ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். ஒருவரும் எழும்பவில்லை.

கனநேரத்துக்குப் பிறகு கத்தல் முனகலாகியது. என் மகள் மணிக்கட்டை வாயிலிருந்து எடுத்தாள். படுத்தபடியே கையை நீட்டி, என் சிநேகிதியின் முழங்காலில் உள்ளங்கையை வைத்தாள்.

இதுவரை எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. இருபத்தாறு வருடத்தில் ஒரு நாள்கூட என் மகள் என் மேல் அப்படிக் கை வைத்ததில்லை. வைக்கக் கையை நீட்டியிருப்பாளோ என்னவோ, அந்த நேரத்தில் நான் எப்போதும் ஜன்னலைச் சாத்த ஓடியிருப்பேன்.