அது கருடன் இல்லையென்று சொன்னேன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்தும் போட்டேன். தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்றவன் நான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது மலேசியாவில், பீடோருக்கு உள்ளே, நாங்கள் குடியிருக்கும் பழைய ரப்பர் தோட்டத்தில். இப்போது எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. லயத்தில், அந்தக் காலத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஏழெட்டுக் குடும்பம்தான் மிச்சம். எங்கள் அம்மன் கோயிலுக்குப் பல வருஷம் கழித்துக் கும்பாபிஷேகம் வைத்திருந்தார்கள். கலசத்தில் தண்ணீர் ஊற்றுமுன் கருடன் வந்து வட்டமிட வேண்டும், உங்களுக்குத் தெரியும். அது வரும்வரை குருக்கள் குடத்தோடு காத்திருப்பார். வானத்தைப் பார்த்து, இது கருடன், இது வேறு பருந்து என்று சொல்லும் வேலையைக் கமிட்டியில் எனக்குத்தான் கொடுத்திருந்தார்கள். தலையும் நெஞ்சும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்கல் நிறம். தூரத்திலேயே சொல்லிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

கும்பாபிஷேகத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு அண்ணன் வந்து கூப்பிட்டார். அவருடைய கோழிக் கூண்டுமேல் போட்டிருந்த வலையில் ஒரு பறவை மாட்டிக்கொண்டு கிடந்தது. ஒரு வாரமாக அவர் வீட்டுக் கோழிக்குஞ்சுகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. கையில் கட்டை வைத்திருந்தாலும் அடிக்கப் பயந்தார்.

"சாமி, நீங்க பாத்துச் சொல்லுங்க. கருடன்னா வலைய அறுத்து விட்டுடுறேன். இல்லன்னா இன்னிக்கோட இதுக்குக் கடைசி லா."

நான் ருத்திராட்சம் போட்டிருப்பதால் எப்போதும் கேலியாகத்தான் சாமி என்பார். அன்று கேலி இல்லை.

குனிந்து பார்த்தேன். உடம்பு முழுக்கப் பழுப்பு. நெஞ்சில் வெளிறிய கீற்றுகள், மாவு தெளித்த மாதிரி. வெள்ளை என்று ஒன்றுமில்லை. என்னைப் பார்த்து வாயைத் திறந்தது. எங்கள் பூஜை அறைப் படத்தில் இருக்கும் கருடனோடு மனசுக்குள் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"கருடன் இல்லண்ணே. சும்மா பருந்து."

நான் வீட்டு வாசலுக்கு வருவதற்குள் சத்தம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. குளித்துவிட்டு விளக்கேற்றினேன். இதையும் மறைக்காமல் எழுதத்தான் வேண்டும்.

ஈப்போவிலிருந்து ஒரு டீச்சர் சனிக்கிழமைகளில் நீளமான கேமராவோடு பறவை பார்க்க வருவார். வேதக்காரப் பிள்ளை, சர்ச்சுக்குப் போகிறவர். மத்தியானம் அவர் கால்வாய் ஓரத்தில் அண்ணன் தூக்கிப் போட்டிருந்த அந்தப் பறவையைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கோழி திருடுகிற பருந்து என்று நானே போய்ச் சொன்னேன். அவர் இறக்கையை விரித்துக் காட்டினார். அடியில் வெளிறிய திட்டு, வால் நுனி உருண்டை.

"அங்கிள், இது கருடக் குஞ்சு. கூட்ட விட்டு வந்து ரெண்டு வாரம் இருக்கும்."

முதல் வருஷம் முழுக்கப் பழுப்பாகத்தான் இருக்குமாம், வெள்ளையும் சிவப்பும் பிறகுதான் வருமாம். இங்கே கூடு கட்டியிருந்த அதன் தாய் தகப்பனைத் தான் எடுத்த படத்தைப் போனில் பெரிதாக்கிக் காட்டினார். அந்த வெள்ளை நெஞ்சில் முடி மாதிரி மெல்லிய கறுப்புக் கோடுகள். இந்தியாவில் இருக்கும் கருடனுக்கு இந்தக் கோடு தடிப்பாக இருக்கும், நம் பக்கத்து வகைக்கு மெல்லிசு, ஆஸ்திரேலியாப் பக்கம் கோடே கிடையாது, அதை வைத்துத்தான் வகை பிரிப்பார்கள் என்றார். இத்தனை வருஷம் கருடன் பார்த்த எனக்கு, அதன் நெஞ்சில் கோடு உண்டு என்பதே தெரியாது. எங்கள் வீட்டுப் படத்தில் கோடு இல்லை. இந்த வயதில் அதற்குக் கோழிக்குஞ்சு பிடிக்கத் தெரியாது, தாய்தான் இன்னும் ஊட்டும், குஞ்சுகளைத் தின்றது உடும்பாக இருக்கும் என்றும் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "ஒங்களக் கேட்டுத்தானே அடிச்சேன்" என்றார்.

கமிட்டித் தலைவரிடம் இந்த வேலை எனக்கு வேண்டாம் என்றேன். நல்ல காரியத்துக்கு முன்னால் இதையெல்லாம் பேசாதீர்கள், வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்றார். இருந்துவிட்டேன்.

கும்பாபிஷேகத்தன்று நேரத்துக்கு முன்னாலேயே இரண்டு கருடன் வந்தன. கோபுரத்துக்கு மேலே, லயத்துக்கு மேலே, கோழிக் கூண்டுக்கு மேலே தாழத் தாழச் சுற்றின. குழந்தை அழுகிற மாதிரி கத்திக்கொண்டே சுற்றின. ஜனங்கள் கையைத் தூக்கிக் கும்பிட்டு அழுதார்கள். குருக்கள் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். தண்ணீர் ஊற்றினார்கள். எனக்கு மட்டும் கை மேலே எழவில்லை.

அடுத்த வருஷம் அந்த ஜோடி இங்கே கூடு கட்டவில்லை. அதற்கப்புறமும் இல்லை. தினமும் விளக்கேற்றுகிறேன், எதையும் கேட்பதில்லை.

எங்கள் ஊரில் இப்போது இந்தக் கதையை வேறு மாதிரி சொல்கிறார்கள். அம்மன் சக்தியால் ஜோடிக் கருடன் வந்தது என்கிறார்கள். குஞ்சு கோயிலுக்காக உயிரைக் கொடுத்தது என்றுகூட ஒருவர் சொன்னார். அதனால்தான் எழுதினேன். நீங்கள் இதை யாரிடமாவது சொன்னால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அம்மன் என்னை மன்னித்துவிட்டாள் என்று முடிக்காதீர்கள், அது எனக்கே தெரியாது. சாமியைத் தெரியும் என்று நினைத்த ஒருவன் அரை நிமிஷம் பார்த்துவிட்டு இல்லை என்றான், அந்த வார்த்தையில் ஒரு குஞ்சு செத்தது, அவ்வளவுதான்.